விலகலும் விலக்கலும்: உயிர் அறிவியலில் மகளிர் பணி உயர்வுத் தடைகளைக் குறிக்கும் சொற்கள்

முன்னுரை

உயிர் அறிவியல் துறைகளைப் பெண்கள் தேர்ந்தெடுத்துப் பயில்வது இன்று அரிய செய்தியன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உயிரியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பவியல் ஆகியவற்றின் முதுநிலை வகுப்புகளில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையை விஞ்சி நிற்கிறது. ஆயினும் முனைவர் பட்டம், பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு, நிலையான ஆசிரியப் பணி, துறைத் தலைமை, நிறுவனத் தலைமை எனப் படிகள் உயர உயரப் பெண்களின் பங்கு சுருங்கிக்கொண்டே செல்கிறது. 1935இல் தோற்றுவிக்கப்பட்டு, இந்தியத் தேசிய அறிவியல் கழகம் என இன்று வழங்கும் அமைப்பிற்குப் பெண் ஒருவர் தலைவராவதற்கு 2020ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அவ்வாண்டில் பொறுப்பேற்ற சந்திரிமா சாகா உயிரியலாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சுருக்கத்தின் காரணங்களை ஆராயும் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவை பாடநூல், நாளிதழ், கருத்தரங்கக் கட்டுரை, அரசாணை ஆகியவற்றின் வழியாகத் தமிழுக்கு வருகின்றன. அவ்வாறு வரும்போது தமிழ்ச் சொல் தேர்வு, தடை யாரிடம் இருக்கிறது என்னும் வினாவிற்கு அறிந்தோ அறியாமலோ ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அவ்விடை மூலத்திலுள்ள சான்றுடன் எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதைச் சில வினை இணைகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயங்குவினையும் இயக்குவினையும்

விலகு - விலக்கு, தேங்கு - தேக்கு, ஒதுங்கு - ஒதுக்கு என்பன போன்ற வினை இணைகள் தமிழில் மிகுதி. மறை என்னும் வினையில் அடி ஒன்றாகவே இருக்க, மறைந்தது - மறைத்தது என இறந்தகால வடிவம் வேறுபாட்டைக் காட்டுகிறது. மரபிலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டில் அடக்கும். இக்கால மொழியியலார் சிலர், குறிப்பாகக் கு. பரமசிவம், இவற்றை இயங்குவினை, இயக்குவினை எனப் பகுத்து விளக்கியுள்ளனர். வினையின் விளைவு எழுவாயிடமே நிகழ்கிறதா, அன்றி எழுவாய் அவ்விளைவைப் பிறிதொன்றின்மீது நிகழ்த்துகிறதா என்பதே இப்பகுப்பின் அடிப்படை.

மகளிர் பணி உயர்வு பற்றிய ஆங்கில எழுத்துகளில் 'அட்ரிஷன்', 'ஸ்டாக்னேஷன்', 'மார்ஜினலைசேஷன்' முதலிய தொழிற்பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இவற்றுள் பலவற்றில் செய்தவர் யார் என்பது வெளிப்படாது. தமிழிலும் தேக்கம், இழப்பு என்பன போன்ற பொதுநிலைப் பெயர்கள் உண்டு. ஆனால் தமிழ் உரைநடை வினைமுற்றை நாடும் இயல்பினது. பெயரை வினையாக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 'பெண்கள் விலகினர்' என்றால் முடிவு அவர்களுடையதாகிறது. 'பெண்கள் விலக்கப்பட்டனர்' என்றால் முடிவு வேறிடத்தில் எடுக்கப்பட்டதாகிறது. மூலம் கூறாது விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பு கூறிவிடும் இடம் இதுவே.

2. விலகலும் விலக்கலும்

இத்துறையில் மிகுதியாக வழங்கும் உருவகம் 'கசியும் குழாய்' என்பதாகும். அறிவியற் கல்வியை ஒரு குழாய்த்தொடராகக் காணும் முறை 1980களில் அமெரிக்க மனிதவள ஆய்வுகளின் வழியே பரவியது. தொடக்கத்தில் நுழைவோர் பலர், இறுதியில் எஞ்சுவோர் சிலர் என்பதை எளிதில் உணர்த்துவதால் இவ்வுருவகம் நிலைபெற்றது. எனினும் கசிதல் என்னும் தமிழ் வினை, மெல்ல, தானாக, எவரும் செய்யாமல் நிகழ்வதைக் குறிப்பது. குழாயில் விரிசல் ஏன் உண்டாயிற்று, அதை அடைக்க வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் அச்சொல்லில் எழுவதில்லை. மேலும் பள்ளியாசிரியராகவோ மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டாளராகவோ பணிபுரியும் உயிர்வேதியியல் முனைவரையும் அது வீணான நீராகக் கணக்கிடுகிறது.

வரலாற்று நிகழ்ச்சி ஒன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டதாரியான கமலா பாகவத், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். அப்போதைய இயக்குநர் சி. வி. இராமன், அவர் பெண் என்னும் காரணத்தால் முதலில் மறுத்தார். கமலா விடாது வலியுறுத்திய பின்னர், ஓராண்டுக் காலம் தகுதிகாண் நிலையில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் முனைவர் பட்டம் பெற்ற அவரே, கமலா சோகோனி என அறியப்படும் உயிர்வேதியியலார். இந்நிகழ்ச்சியை 'அக்காலத்தில் பெண்கள் உயர் ஆய்வில் ஈடுபாடு காட்டவில்லை' என்னும் தொடருக்குள் அடக்குவது பொருந்தாது. விண்ணப்பம் இருந்தது, மறுப்பு இருந்தது, மறுத்தவர் இன்னார் என்பதும் தெரியும். விலக்கு என்னும் இயக்குவினைக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இங்குள்ளன.

எல்லா நிகழ்ச்சிகளும் இத்துணைத் தெளிவாக அமைவதில்லை. தலைச்சேரியில் பிறந்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகப் பணியாற்றினார். 1939இல் எடின்பரோவில் நடைபெற்ற மரபியல் மாநாட்டிற்குச் சென்றவர் இங்கிலாந்திலேயே தங்கினார். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் உருவாக்கிய பயிர்த் தாவரங்களின் நிறப்புரி அட்டவணை 1945இல் வெளிவந்தது. திருமணம் செய்துகொள்ளாத பெண், பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் என்னும் நிலைகள் கோயம்புத்தூரில் அவருக்கு இடர் விளைத்தன என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அதே வேளையில் மாநாட்டு அழைப்பும் ஆய்வு வாய்ப்பும் போர்க்காலச் சூழலும் அவர் இங்கிலாந்தில் தங்கியதற்குக் காரணங்களாகும். இங்கு 'விலகினார்' என்பது குறைகூறல். 'விலக்கப்பட்டார்' என்பது மிகைகூறல். இடரையும் வாய்ப்பையும் தனித்தனி வாக்கியங்களில் கூறுவதே நேர்மையான பெயர்ப்பாகும்.

பெண்கள் ஆய்வை விட்டுச் செல்வதற்குக் குடும்பமே காரணம் என்னும் கருத்தும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. இந்திய அறிவியல் அகாதெமியும் பெங்களூர்த் தேசிய உயராய்வு நிறுவனமும் இணைந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, முனைவர் பட்டம் பெற்ற பெண்களிடமே நேரில் வினவி, இக்கருத்தை ஐயத்திற்குள்ளாக்கியது. ஆய்வுப் பணியில் இல்லாத பெண்கள் பலர், தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமையையே காரணமாகக் காட்டினர். ஆகவே, மூலத்தில் 'ஆய்வுப் பணியில் இல்லாதவர்' என்று இருப்பதைக் 'குடும்பத்திற்காகப் பணி துறந்தவர்' எனப் பெயர்ப்பது விளக்கமன்று, சான்றில்லாத கூற்றாகும்.

3. தேங்குதலும் தேக்குதலும்

'கண்ணாடிக் கூரை' என்பது இன்று தமிழில் நிலைபெற்றுவிட்ட பெயர்ப்பு. இதன் ஆங்கில மூலம் 1970களின் இறுதியில் அமெரிக்க வணிக நிறுவனங்களின் சூழலில் தோன்றி, 1980களில் இதழ்களின் வழியாகப் பரவியது. ஆங்கிலச் சொல் அறையின் உட்புற மேற்பரப்பைக் குறிப்பது. அதனை இடித்து மேலே செல்ல முடியாது என்பதே கருத்து. தமிழில் கூரை என்பதற்குக் காப்பு, நிழல், குடும்பம் என்னும் சாயல்களே முந்துகின்றன. வழக்கு வலுப்பெற்றுவிட்டமையால் இச்சொல்லை மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் முதல் வழக்கில் 'கண்ணுக்குத் தெரியாத மேல்தடை' என ஒரு விளக்கத்தைச் சேர்ப்பது பயன்தரும்.

கூரை உருவகம் மேல்நிலைப் பதவிகளுக்கே பொருந்தும். உயிர் அறிவியலில் தடை பெரும்பாலும் அதற்கு முன்னரே தோன்றிவிடுகிறது. இத்துறையில் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுக்காலம் நீண்டது. உயிரணு வளர்ப்பும் சோதனை விலங்குகளும் விடுமுறை நாள்களிலும் கவனிப்பை வேண்டுவன. களப்பணி பல வாரங்கள் வீட்டைவிட்டு விலகியிருக்கச் செய்யும். கதிரியக்கப் பொருள்களையும் நச்சு வேதிப்பொருள்களையும் கையாளும் சோதனைகளைக் கருவுற்ற காலத்தில் நிறுத்திவைக்க நேரும். இவை அனைத்தும் பெண்கள் பெரும்பாலும் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் வயதில் ஒருங்கே வந்து சேர்கின்றன. உதவித்தொகைகளுக்கும் விருதுகளுக்கும் வயது வரம்பு வகுக்கப்பட்டிருப்பதும் அதே காலத்தில்தான். இதன் விளைவாகத் திட்ட உதவியாளர், ஒப்பந்த ஆய்வாளர் ஆகிய நிலைகளிலேயே ஆண்டுகள் கழிகின்றன. 'ஒட்டும் தரை' என ஆங்கில வழி வந்த தொடரைவிடத் 'தேக்கம்' என்னும் அலுவலக வழக்குச் சொல் இந்நிலையை நன்கு உணர்த்தும்.

ஆனால் தேக்கம் என்பது தேங்கியதா, தேக்கியதா என்பதைக் கூறாது. அதனைக் கூறச் சான்று வேண்டும். சுவீடன் நாட்டில் அத்தகைய சான்று ஒருமுறை கிடைத்தது. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1995இல் வழங்கிய முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பணியிடங்களுக்கு 114 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் 52 பேர் பெண்கள். வழங்கப்பட்ட 20 இடங்களில் பெண்களுக்குக் கிடைத்தவை 4. கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னெஸ் வோல்ட் என்னும் இரு ஆய்வாளர்கள், அந்நாட்டின் ஆவண வெளிப்படைச் சட்டத்தின் துணையால் மதிப்பெண் பதிவுகளைப் பெற்று ஆராய்ந்தனர். ஆணுக்கு இணையான தகுதி மதிப்பெண்ணைப் பெறுவதற்குப் பெண் விண்ணப்பதாரர் ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுதியான ஆய்வு வெளியீட்டு வலிமை பெற்றிருக்க வேண்டியதாயிற்று என்பது 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களது முடிவு. மதிப்பிடுவோர் தீய நோக்குடையவர் என்று அவ்வாய்வு கூறவில்லை. மதிப்பீட்டு முறை பெண்களைத் தேக்கியது என்பதையே காட்டியது. இயக்குவினைக்கு எழுவாய் ஒரு தனிமனிதராக இருக்க வேண்டுவதில்லை. விதியும் முறையும் குழுவும் எழுவாயாகலாம். 'மதிப்பீட்டு முறை அவர்களைப் பின்தள்ளியது' என்பது தமிழுக்கு இயல்பான வாக்கியமே.

4. ஒதுங்குதலும் ஒதுக்குதலும்

ஒதுக்கு என்னும் வினை இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. ஒருவருக்கென ஒன்றைத் தனியே வைப்பது ஒன்று. ஒருவரை ஓரமாகத் தள்ளுவது மற்றொன்று. இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு என்பன முதற் பொருளின. ஒதுக்கிவைத்தல் என்பது இரண்டாம் பொருளது. ஆய்வகச் சூழலில் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த நான்சி ஹாப்கின்ஸ், 1990களின் தொடக்கத்தில் வரிக்குதிரை மீன்களைக் கொண்டு மரபணு ஆய்வு செய்யக் கூடுதலாக 200 சதுர அடி இடம் கோரினார். அது கிடைக்காமற் போகவே, அளவுநாடாவைக் கையிலெடுத்து ஆண், பெண் பேராசிரியர்களின் ஆய்வகப் பரப்பை அளந்து ஒப்பிட்டார். அந்நிறுவனத்தின் அறிவியல் புலத்தில் 1994இல் நிலைப்பணி பெற்ற பெண் பேராசிரியர் 15 பேர் மட்டுமே. ஆண்கள் 194 பேர். அப்பெண்கள் இணைந்து முன்வைத்த கோரிக்கையின் பேரில் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1999இல் வெளியாயிற்று. இளம் பெண் பேராசிரியர்கள் தங்களுக்குப் போதிய ஆதரவு இருப்பதாகவே கருதினர். மூத்தோரோ, பணி நீள நீளத் தாங்கள் ஓரங்கட்டப்படுவதாக உணர்ந்தனர். இடம், ஊதியம், குழு உறுப்பாண்மை ஆகியவற்றில் வேறுபாடு இருந்ததை அறிக்கை பதிவு செய்தது. நிறுவனமும் அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்வறிக்கையின் மையச் சொல்லான 'மார்ஜினலைசேஷன்' என்பதனை 'ஒதுங்கல்' எனப் பெயர்த்தால் அறிக்கையின் பொருளே தலைகீழாகும். மூத்த பெண்கள் குழுக்களிலிருந்து தாமே ஒதுங்கவில்லை; இடம் ஒதுக்கப்படாமையால் ஒதுக்கப்பட்டனர். 'பெண்கள் நிருவாகப் பொறுப்புகளில் ஆர்வம் காட்டுவதில்லை' என்னும் பொதுக்கூற்று எதிர்ப்படும்போதெல்லாம், பொறுப்பு முதலில் வழங்கப்பட்டதா என்று வினவுவது மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய கடமையாகும்.

5. மறைதலும் மறைத்தலும்

பெண்களின் கண்டுபிடிப்புகள் உடன் பணியாற்றிய ஆண்களின் பெயரில் வழங்குவதை அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993இல் 'மெடில்டா விளைவு' எனப் பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் மெடில்டா ஜாஸ்லின் கேஜ் என்பவரின் நினைவாக அமைந்த பெயர் இது. நுண்ணுயிரியலாளர் எஸ்தர் லெடர்பெர்க், பாக்டீரியாவைத் தாக்கும் லேம்டா வைரசைக் கண்டறிந்தவர். பாக்டீரியாத் திரள்களைப் படியெடுத்து வளர்க்கும் முறையை விளக்கிய 1952ஆம் ஆண்டுக் கட்டுரையில் கணவர் ஜோசுவா லெடர்பெர்க்குடன் அவர் பெயரும் உண்டு. 1958இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஜோசுவா ஒருவர், எஸ்தர் அல்லர். இங்கு 'அவர் பங்கு மறைந்தது' என்பதா, 'மறைக்கப்பட்டது' என்பதா? பரிசுக் குழுவின் நோக்கத்தை அறியாத நிலையில் இரண்டும் அளவு கடந்தவை. 'அவர் பங்கு எடுத்துக்கூறப்படவில்லை' என்பது சான்றின் எல்லைக்குள் நிற்கும்.

மறைத்தல் மொழியின் வழியாகவே நிகழ்வதும் உண்டு. பிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா ஆகியோர் 2003இல் வெளியிட்ட கருத்தாடல் ஆய்வு இதற்குத் தக்க சான்று. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்குத் தேர்வானோர்க்கு எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அவர்கள் ஆராய்ந்தனர். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குறுகியவை. உடைமைத் தொடர்களில் பெண்களுக்குக் 'கற்பித்தல்', 'பயிற்சி' ஆகிய சொற்களும், ஆண்களுக்கு 'ஆய்வு', 'திறன்' ஆகிய சொற்களும் மிகுதியாகச் சேர்ந்து வந்தன. பெண்ணின் உழைப்பும் ஆணின் அறிவாற்றலும் முதன்மை பெற்றன.

இத்தகைய சான்றுகளைத் தமிழாக்கும்போது தனிச் சிக்கல் எழுகிறது. 'அவர்', 'அவருடைய' என்னும் மதிப்புப் பெயர்கள் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. ஆய்வாளர், பேராசிரியர், இயக்குநர் என்னும் பெயர்களும் அவ்வாறே. நடுநிலைக்கு ஏற்ற இப்பண்பு, பால் வேறுபாட்டையே பொருளாகக் கொண்ட எடுத்துக்காட்டுகளில் மூலத்தின் கருத்தை அழித்துவிடும். 2012இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயிரியல், வேதியியல், இயற்பியல் துறைகளைச் சார்ந்த 127 பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை அளித்தனர். ஒரு பகுதியினர்க்கு ஜான் எனவும் மறுபகுதியினர்க்கு ஜெனிபர் எனவும் பெயர் மட்டும் மாற்றப்பட்டிருந்தது. முன்மொழியப்பட்ட ஆண்டு ஊதியத்தின் சராசரி ஜானுக்கு 30,238 டாலர். ஜெனிபருக்கு 26,508 டாலர். இதனைத் தமிழில் கூறும்போது பெயரையோ 'பெண் விண்ணப்பதாரர்' என்னும் அடையையோ ஒவ்வோர் இடத்திலும் நிறுத்த வேண்டும். 'அவர்' என்று சுருக்கலாகாது. மாறாக, பால் வேறுபாடு பொருளல்லாத இடங்களில் 'பெண் விஞ்ஞானி' என அடைகொடுத்து எழுதும் செய்தித்தாள் வழக்கு, விஞ்ஞானி என்றாலே ஆண் என்னும் எண்ணத்தை நிலைநிறுத்துவதாகும்.

6. சட்ட, திட்டச் சொற்கள்

இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் அறிவியலாளர் திட்டத்தையும், உயிர்த்தொழில்நுட்பத் துறை 2011இல் 'பயோகேர்' திட்டத்தையும் தொடங்கின. பணியிடைவெளிக்குப் பின் ஆய்வுக்குத் திரும்புவோரையும், நிலையான பணி இல்லாதோரையும் கருதியவை இவை. 'இடைவெளி', 'மீள்வரவு' என்னும் சொற்கள் வசதியானவை. ஆனால் முன்பு நிலையான பணி ஒன்று இருந்தது, அதனைவிட்டு அவர் சென்றார் என்னும் கருத்தை உட்கொண்டவை. நிலையான பணியே கிடைக்காதவர்க்கு 'மீள்வரவு' என்னும் சொல் பொருந்தாது; அவரைப் பொறுத்தவரை அது முதல் நுழைவு.

'பணியாளர்' என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியதுடன், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் வகுத்தது. முனைவர் பட்ட ஆய்வாளரைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் ஆய்வுக்காலம் முழுமைக்கும் ஒருமுறை 240 நாள் வரை விடுப்புக்கும், கால வரம்பில் கூடுதலாக 2 ஆண்டுகளுக்கும் இடமளித்தன. ஒன்று சட்டம் தரும் உரிமை. மற்றொன்று விதி இடமளிக்கும் தளர்வு. 'உரிமை உண்டு', 'வழங்கலாம்' என்னும் வினைமுற்று வேறுபாட்டை மொழிபெயர்ப்பு கைவிடின், விண்ணப்பிக்கும் பெண் தன் நிலையைத் தவறாகவே அறிவார். இங்குச் சொல்லின் பிழை ஒருவர் வாழ்வின் இழப்பாகிவிடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முடிவெடுத்த குழு, விதி, அலுவலர் ஆகியவற்றுக்கு ஆவணச் சான்று உள்ள இடத்தில் இயக்குவினையையே ஆளுதல் வேண்டும். அதன் எழுவாயையும் வெளிப்படக் கூறுதல் நன்று. பெண் தாமே தேர்ந்து முடிவெடுத்தமைக்குச் சான்று உள்ள இடத்தில் இயங்குவினையே முறை. அவரைத் தடைக்கு இரையானவராக மட்டும் காட்டுதல் அவர் முடிவெடுக்கும் உரிமையை மறுப்பதாகும். சான்று இருபுறமும் நிற்கும் இடத்தில் பொதுநிலைப் பெயரை ஆண்டு, காரணங்களைத் தனித்தனியே அடுக்குதல் தகும். கசிவு, கூரை முதலிய உருவகங்களை அவை விளக்கும் எல்லையளவில் கொள்ள வேண்டும், காரணமாகக் கொள்ளலாகாது.

தேங்கு, தேக்கு என்னும் இரு சொற்களுக்கிடையே ஒலியளவில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் முன்னதை ஆளும் அறிக்கை பெண்களுக்கு ஊக்கவுரைகளையும் பயிற்சி முகாம்களையும் பரிந்துரைக்கும். பின்னதை ஆளும் அறிக்கை தேர்வு முறையையும் வயது வரம்பையும் ஆய்வக இடப் பங்கீட்டையும் திருத்துமாறு கோரும். எது தேவை என்பதைச் சான்றே முடிவு செய்தல் வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் கைப்பழக்கம் முடிவு செய்தலாகாது.